ஒரே பெட்டி, ரெண்டு குடித்தனம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில்ல கெட்டுப்போறது மெஷினு, திட்டு வாங்குறது நாம. இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தொழில்ல இல்லாட்டியும், "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ"ன்னு சொந்தக்காரங்க கூப்பிடுற ஆளா நீங்க இருந்தா, நீங்களும் நம்ம கட்சிதான். உக்காருங்க, சொல்றேன்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன். பொம்பள வந்து மெஷினைக் கழட்டுவாளான்னு ஆரம்பத்துல யோசிச்சவங்க ஜாஸ்தி. இப்போ "ஸ்கூட்டி அக்கா"ன்னாலே தெரியும். பிரிண்டர்ல இருந்து கேமரா வரைக்கும் எல்லா வேலையும் பண்ணுவேன். ஆனா எனக்கு உசுரு ஒரே ஒரு வேலை மேலதான். ஒரு கம்ப்யூட்டர்ல விண்டோஸ், லினக்ஸ்னு அதை ஓட்டற ரெண்டு சிஸ்டத்தையும் சேத்துப் போட்டு, ஆன் பண்ணா "ரெண்டுல எது வேணும்?"னு அதுவே கேக்குற மாதிரி செஞ்சு குடுக்கறது. அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல ரெண்டு பேரும் மேலயும் கீழயுமா வந்து நிக்கறப்போ எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

கரண்ட் பில்

பவித்ரா கடைக்கு வந்தப்போ தோள்ல ஒரு துணிப்பை. அதுக்குள்ள இருந்து டிபன் டப்பா சைஸுல ஒரு கம்ப்யூட்டரை எடுத்து மேஜை மேல வச்சா. இப்போ வர்ற சின்ன டெஸ்க்டாப் பெட்டி, மானிட்டருக்குப் பின்னால மாட்டிட்டா கண்ணுக்கே தெரியாது. ஊரு அடி அண்ணாமலை. குழந்தை பொறக்கறதுக்கு முன்னால சென்னையில ப்ரோகிராமரா இருந்தவ. வீட்டுக்காரர் இன்னமும் அங்கதான் வேலையில இருக்கார், லீவுக்கு வந்து போவார். இங்க மாமனார், அவ, எல்.கே.ஜி. போற பொண்ணு, அப்புறம் இந்தப் பெட்டி.

ஒரு கம்பெனி ஆன்லைன்ல ட்ரெயினிங் குடுக்குதாம். கடைசியில ஒரு பரிட்சை. தேறினா வீட்டுல இருந்தே வேலை. ஆனா ட்ரெயினிங், பரிட்சை ரெண்டுமே லினக்ஸ்லதான். பெட்டியில இருக்கறதோ விண்டோஸ். மாமனார் ஜோசியர், அவரோட ஜோசிய சாஃப்ட்வேரும் ஊர்ப்பட்ட ஜாதகமும் அதுக்குள்ளதான் இருக்குது. வீட்டுக்கு அடுப்பு எரியறதே அதுலதான். "இந்த வேலை கெடைக்கலன்னா குழந்தையைத் தூக்கிக்கிட்டு நானும் வேலை தேடிச் சென்னைக்குத்தாங்க்கா போகணும். மாமா ஊரை விட்டு வரமாட்டாரு. அவரைத் தனியா விட்டுட்டுப் போறதை நெனச்சாலே எனக்குச் சோறு எறங்கல"ன்னா. கேட்டதும் எனக்கு வேகம் வந்துருச்சு. ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டுடலாம், எதுவும் அழியாதுன்னு சொன்னேன். பிரிண்டர் வாங்க வந்து பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த எதிர் ஹோட்டல்காரர் எல்லாத்தையும் கேட்டுட்டு ரொம்ப யோசனையா சொன்னார்: "ஏம்மா, உள்ள ரெண்டு ஓடுச்சுன்னா கரண்ட் பில்லும் ரெண்டு வருமா?"

நல்ல நேரம்

மாமனார் சம்மதிச்சாத்தான் வேலை. வீட்டுக்கே போனேன். ஐயா கூடத்துல உக்காந்து என்னை ஒரு வக்கீல் மாதிரி கேள்வி கேட்டார். "என் ஜாதகமெல்லாம் எந்தப் பக்கம் இருக்கும், அவளுது எந்தப் பக்கம் இருக்கும்?" நடுவுல வரப்பு மாதிரி ஒண்ணு போட்டுடுவேன், இந்தக் காணித் தண்ணி அந்தக் காணிக்குப் போகாதுன்னேன். "அப்ப எனக்குத் தென்மேற்கு மூலை"ன்னார். டிஸ்க்குக்கு ஏதுங்க மூலைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அடுத்தது எடம். நான் பாதிக்குப் பாதின்னேன். அவர் ஒத்துக்கவே இல்ல. "ஜாதகம் நாளுக்கு நாள் ஜாஸ்தி ஆவுது. அவளுக்குக் கம்மியா குடு, போதும்." பவித்ரா சமையல்கட்டு வாசப்படியில நின்னு எனக்குக் கண்ணைக் காட்டினா, சரின்னு சொல்லுங்கக்கான்னு. சொல்லிட்டேன்.

பையைத் தொறந்து வேலையை ஆரம்பிக்கப் போனா, ஐயா கையைக் காட்டி நிறுத்திட்டார். ராகு காலமாம், முடியட்டும்னார். எனக்குக் கோவம் சுருக்குனு வரும், கடையில அடுத்த வேலை காத்துக்கிட்டிருக்குது. அப்போ ஜாதகத்தையெல்லாம் வெளி டிஸ்க்குல பேக்கப் எடுத்து வைக்கலாமா, அதுக்கும் ராகு காலம் உண்டான்னு கொஞ்சம் சூடாவே கேட்டுட்டேன். அவர் சூடாகவே இல்ல. "பேக்கப் எடுக்கறது இருக்கறதைக் காப்பாத்துற வேலைம்மா, அதை எப்ப வேணா பண்ணு. புதுசா ஒருத்தரைக் குடி வைக்கறதுக்குத்தான் நேரம் பார்க்கணும்."

எல்லாம் போச்சு

போட்டு முடிச்சு, ரெண்டு பேரும் ஸ்கிரீன்ல வந்து நின்னப்போ பவித்ரா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நானும் ரெக்கை கட்டிக்கிட்டுத்தான் வீடு திரும்பினேன். மறுநாள் காலையில பல்லு கூட வெளக்கல, ஐயா போன். "எல்லாம் போச்சும்மா. ஒரு ஜாதகம் கூட இல்ல. என் சாமி படம் கூட இல்ல. ஏதோ செவப்பா ஒரு படம் தெரியுது." அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுப் பறந்தேன்.

போய்ப் பாத்தா ஒண்ணும் போகல. ஐயா தினமும் மெஷினை ஆன் பண்ணிட்டு, அது முழிக்கறதுக்குள்ள கற்பூரம் காட்டிட்டு வந்துடலாம்னு சாமி ரூமுக்குப் போவார். மெஷின் எது வேணும்னு கேட்டுக் கொஞ்ச நேரம் பாக்கும், பதில் வரலன்னா மேல இருக்கற பேரை எடுத்துக்கும். மேல இருந்தது லினக்ஸு. கற்பூரம் காட்டிட்டு வந்தவர் மருமக எடத்துல வந்து நின்னுக்கிட்டு, வீடு கொள்ளை போயிருச்சுன்னு கத்தியிருக்கார். உடனே பேரையெல்லாம் மாத்தினேன். மேல "ஐயா", கீழ "பவித்ரா". சும்மா விட்டா ஐயாவுதுக்குத்தான் போகும். அவருக்கு ஏக சந்தோஷம். பவித்ராதான் வாசல் வரைக்கும் வந்து மெதுவா சொன்னா: "இனிமே நான் அடுப்புல பாலை வச்சுட்டு ஓடி வந்து அழுத்தணுங்க்கா, கொஞ்சம் அசந்தா மாமா வீட்டுல போய் உக்காந்திருப்பேன்."

வடக்கால போன மாடு

இது தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ரெண்டு சிஸ்டமும் ஒரே கடிகாரத்தைத்தான் பாக்கும், ஆனா ஆளுக்கொரு கணக்குல படிக்கும். லினக்ஸ் அதுல உலக நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு நம்பிடும். ஆக, பவித்ரா ராத்திரி படிச்சுட்டு மூடினா, காலையில ஐயாவுக்குக் கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னால நிக்கும். இன்டர்நெட்ல விட்டா தானா சரியாயிடும். ஐயாதான் வைரஸ் வரும்னு அவர் பக்கத்துல இன்டர்நெட்டையே தொடமாட்டாரே.

அவரு பாக்கறது பிரசன்னம். வந்தவங்க கேள்வி கேட்ட நேரத்துக்குக் கட்டம் போட்டுப் பலன் சொல்றது. நேரத்தை சாஃப்ட்வேரே எடுத்துக்கும். அப்படியே நாலஞ்சு பேருக்குச் சொல்லி அனுப்பிட்டார். ஒரு நாள் கட்டத்தை உத்துப் பாத்தவர் எனக்குப் போன் போட்டார். "ஏம்மா, நான் பளீர்னு வெயில்ல உக்காந்திருக்கேன், கட்டத்துல சூரியன் இன்னும் விடியாத எடத்துல நிக்கிறானே, என்னா பண்ணி வச்சிருக்க?" ஓடினேன். லினக்ஸையும் நம்ம ஊர் நேரத்தையே எழுதச் சொல்லி மாத்தறது சின்ன வேலைதான். பண்ணிக்கிட்டிருக்கும்போதே அந்த நாலஞ்சு பேர்ல ஒருத்தர், கீழ்பென்னாத்தூர்க்காரர், தேங்கா பழத்தோட உள்ள வந்தார். காணாமப் போன மாடு, ஐயா சொன்ன மாதிரியே வடக்கால போய்த் தேடினதும் கெடைச்சுருச்சாம். நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிட்டுட்டுப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, மானிட்டருக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டேன். ஐயா தேங்காயைக் கையில வச்சுக்கிட்டே சொன்னார்: "நீ நேரத்தைச் சரி பண்ணும்மா. ஆனா அந்த மாட்டுக்காரன் காதுல இது விழ வேணாம்."

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் பவித்ரா அழுதுக்கிட்டே போன் பண்ணா. வகுப்பு நடந்துக்கிட்டிருக்கும்போதே மெஷின் தானா அணைஞ்சு போகுதாம், பென் டிரைவும் உள்ள போகலையாம். பரிட்சைக்கு ஒரு வாரம் கூட இல்ல. போய்ப் பாத்தா எனக்குத் தலை சுத்திச்சு. ஐயா பூஜையில பெட்டிக்கு நல்லா கெட்டியா சந்தனம் கொழைச்சு முன்னால ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு பொட்டு வச்சிருக்கார். அது மேல குங்குமம். முன்பக்கத்துப் பொட்டு நேரா பென் டிரைவ் சொருகுற எடத்துல. காத்துப் போற ஓட்டையெல்லாம் சந்தனம் காஞ்சு அடைச்சுக்கிட்டு, மேல சாமந்தி மாலை வேற. பெட்டி தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது.

"ஐயா, இதுக்கு மூச்சு விட எடம் வேணும்யா, இப்படியா மூக்குலயும் வாயிலயும் அப்பி வைப்பாங்க"ன்னு கத்திட்டேன். பெரியவருன்னு கூடப் பாக்கல. பல்லு குத்துற குச்சியை வச்சுச் சொரண்டிச் சொரண்டி எடுத்தேன். அவரு பாவம், பக்கத்துலயே நின்னு ஈரத் துணியை நீட்டிக்கிட்டிருந்தார். ஆனா விட்டுக் குடுக்கல. "பொட்டு வைக்க எடமே இல்லாம சுத்திச் சுத்தி ஓட்டை போட்டு வச்சிருந்தா, நான் என்னாம்மா பண்ணட்டும்?"

கீபோர்டோட கிரிவலம்

பரிட்சை வந்து விழுந்தது பௌர்ணமி அன்னிக்கு. சாயந்தரம் நாலு மணி. மத்தியானம் நான் தட்டுல சோத்தைப் போட்டு உக்காந்தேன், போன். "அக்கா, என் பேரே வரல. ஆன் பண்ணா நேரா மாமாவுக்குப் போகுது. தேதி வேற என்னமோ பழைய வருஷம் காட்டுது." நடந்தது இதுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர்றவங்க உக்காந்து எளைப்பாற, அவங்க வீட்டுக் கூடத்தை ஒழிச்சுக் குடுக்கறது வழக்கம். அன்னிக்குக் காலையில ஐயா பெட்டியைப் பிடுங்கிப் பின்கட்டுல வச்சிருக்கார். கரண்ட் இல்லாதப்போ எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கற பட்டன் பேட்டரி உள்ள செத்துப் போயிருக்குது. கரண்டைப் பிடுங்கினதும் பெட்டி எல்லாத்தையும் மறந்துருச்சு, ரெண்டு பேரு இருக்காங்கங்கறதையும் சேத்து. போன்லயே சரி பண்ணிடலாம்னு பாத்தா, அவ கீபோர்டு வயர் இல்லாதது. பேரை அழுத்தறதுக்கு அது பத்தும், ஆனா அதுக்கும் முன்னாலயே உள்ள போய் மாத்தணும்னா வேலை செய்யாது. அக்கம்பக்கத்துலயும் வயர் வச்சது கெடைக்கல.

நான் தட்டை மூடிட்டுக் கெளம்பினேன். பேட்டரி பையில, வயர் கீபோர்டு பைக்குள்ள அடங்கல, கக்கத்துல. வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க, மலை சுத்துற ரோடு முழுக்கத் தலைதான். நடந்தேன். நடந்தேன்னு சொல்றது பொய், ஓடினேன். நல்லவேளை மேகம் போட்டிருந்துச்சு. ஓடறப்போ உள்ளுக்குள்ள ஒரு குஷி, பொய் சொல்லக் கூடாது. ஒரு பெரியம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்தி, "நெறமாசக்காரி மாதிரி பதமா நடக்கணும், செருப்போட ஓடுறியே"ன்னு அதட்டுனாங்க. செருப்பைக் கழட்டிப் பையில போட்டேன். அப்பதான் கக்கத்துல இருக்கறதைப் பாத்தாங்க. கம்ப்யூட்டர் வேலை கெடைக்கணும்னு வேண்டுதலான்னு கேட்டாங்க. ஆமாம்மா, எனக்கில்ல, இன்னொரு பொண்ணுக்குன்னேன். அவங்க கீபோர்டு மேல கொஞ்சம் விபூதியை வச்சுட்டு வழியை விட்டாங்க: "அடுத்தவளுக்காகத் தூக்கிக்கிட்டு ஓடுறவளை அண்ணாமலையான் வெறுங்கையோட அனுப்ப மாட்டான், நீ ஓடு."

கதவுக்கு வெளியே

வீட்டுக்குப் போய்ச் சேந்தப்போ நாலு மணி ஆகக் கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு. கூடம் முழுக்க ஜனம், ஆளுக்கொரு டம்ளர் மோரு. ஐயா வாசல்லயே நின்னு என்னைப் பாத்ததும் முன்னால ஓடி வழி பண்ணினார். "நான்தாம்மா புடுங்கினேன், நான்தான் புடுங்கினேன்"னு அதையே சொல்லிக்கிட்டிருக்கார். பின்கட்டுல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல பெட்டி. மூடியைக் கழட்டினேன், பேட்டரியை மாத்தினேன், வயர் கீபோர்டைச் சொருகினேன், உள்ள போய்த் தேதியையும், எது முதல்ல முழிக்கணுங்கற வரிசையையும் சரி பண்ணினேன். ஆன் பண்ணோம். மேல "ஐயா", கீழ "பவித்ரா". எனக்கு அழுகையே வந்துருச்சு. அவ அழுத்தினா, உள்ள போனா. நான் கதவைச் சாத்திட்டு வெளிய வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் பெருசு. பௌர்ணமிதான் ஐயாவுக்குத் தொழில் நாள். வெளியூர்க்காரங்க பலன் கேக்க வரிசையில நிப்பாங்க. அன்னிக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரையும் கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னிக்கு இல்லீங்க, உள்ள மருமவளுக்குப் பரிட்சை, கொஞ்சம் சத்தம் போடாதீங்க"ன்னு திருப்பி அனுப்பினார். மோர் குடிக்கற குழந்தைங்களைக் கூட டம்ளரை மெதுவா வைக்கச் சொன்னார். பேத்தியை மடியில வச்சுக்கிட்டுக் கதவுக்கு எதிர்லயே உக்காந்துட்டார். எனக்குத் தாங்கல. பக்கத்துல உக்காந்து, "ஐயா, நீங்களாவது சொல்லுங்க, தேறிடுவாளா?"ன்னு கேட்டேன். அவர் கதவைப் பாத்தபடியே சொன்னார்: "பொட்டி அவகிட்ட இருக்குது. நான் எப்படிம்மா பாக்கறது?"

எடுத்துடலாமா?

தேறிட்டா. அதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல எனக்கு. கடையில ஒரு கஸ்டமரோட மெஷினைப் பிரிச்சு வச்சுக்கிட்டிருந்தேன், "அக்கா, கெடைச்சிடுச்சு"ன்னு போன்ல சொன்னா. நான் போட்ட சத்தத்துல கஸ்டமர் அவர் மெஷினுக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு எழுந்து நின்னுட்டார். ஹோட்டல்காரர் தெரு தாண்டி ஓடி வந்தார். எல்லாருக்கும் டீ சொன்னேன். அவ எங்கயும் போகல, குழந்தை பள்ளிக்கூடம் மாறல, பெரியவரு தனியா ஆகல. என் சொந்த வீட்டுக்கே வேலை வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

கொஞ்ச நாள்ல கம்பெனி அவளுக்கு ஒரு லேப்டாப் அனுப்பிருச்சு. இனிமே கம்பெனி வேலையெல்லாம் அதுலதான். அப்போ பெட்டியில அவ பக்கம் சும்மா கெடக்குது. ஐயா எடத்துக்காக அன்னிக்கு எப்படி மல்லுக்கட்டினாருன்னு எனக்குத் தெரியுமே, நானே போய்க் கேட்டேன். "லினக்ஸை எடுத்துட்டு, மொத்த எடத்தையும் உங்க ஜாதகத்துக்கே விட்டுடட்டுமா ஐயா?"ன்னு. அவர் பெட்டியை ஒரு தரம் பாத்தார். ஸ்கிரீன்ல கீழ இருந்த பேரைப் பாத்தார். பவித்ரா பக்கம் திரும்பாமலே சொன்னார்: "எடம் எனக்குப் பத்தலதான். ஆனா ஒரு பொண்ணு பொழைச்சு வந்த எடத்தை இடிக்கக் கூடாதும்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும். உக்காரு, சாப்டுட்டுப் போ."

ஒரு சிஸ்டத்தைப் போடப் போனா மணிக்கணக்கா கேள்வி கேட்டு நிக்க வைக்கறதும், எடுக்கப் போனா எலை போட்டு உக்கார வைக்கறதும் இந்தத் தொழில்ல மட்டும்தாங்க நடக்கும்.